பதினெட்டாம் வளைவு

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்துநாலு. அதனாலென்ன? தெரியாதவர் கேட்க, தெரிந்தவர் சொல்ல, அவ்வளவுதானே!

சீடர் பெயர் காளியண்ணன். இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபின், லாரிக்காரர்களுக்காக நடந்த ஓர் எச்.ஐ.வி. ஆலோசனை மையத்தில் சேர்ந்தார். மையம் திம்பம் மலைக்குக் கீழே இருந்தது. ஓட்டுநர்களோடு அவர்கள் பாஷையில் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவருக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் தவமணி, மையத்தின் ஆலோசகர். காளியண்ணன் முதல் நாள் "டீச்சர்" என்று கூப்பிடப்போய், எல்லாருக்குமே அவர் டீச்சர் ஆகிவிட்டார்.

முதல் ஒரு மாசம் ஆணுறை என்ற வார்த்தையைச் சொல்லவே காளியண்ணனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது நடுரோட்டில் நின்று, அதை மாட்டும் விதத்தை மரக்கட்டையில் செய்து காட்டுவார். அதுவும் டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதான்.

அன்று மலைக்கு மேலே முகாம். டீக்கடை ஓரம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் பதினோரு ஓட்டுநர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ஆள் வரத்து ஓய்ந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்கண்ணா."

"இந்த சுன்னத் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா எச்.ஐ.வி. வராதுங்கறாங்களே, மெய்யாலுமுங்களா?"

"யாருக்காகக் கேக்கறீங்க?"

"பொதுவாத்தானுங்க கேக்கறேன்."

பொதுவாகக் கேட்கிறவர் காலி டம்ளரை மூன்று தடவை வாய்க்குக் கொண்டுபோனார். டீச்சர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருந்தார்.

"வராதுன்னு யாரும் சொல்லலீங்கண்ணா. கொறையுதுன்னு சொன்னாங்க. ஆப்பிரிக்காவுல மூணு நாட்டுல ஆயிரக்கணக்கான ஆம்பளைங்களை வச்சுப் பாத்தாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு, பொம்பளைங்ககிட்ட இருந்து கிருமி தொத்தறது ஏறக்குறைய பாதி, அதுக்கும் கொஞ்சம் மேலயே கொறஞ்சிருந்துச்சு. அது மெய்தான். ஆனா..."

அந்த "ஆனா" காளியண்ணன் காதில் விழவே இல்லை. மூன்று மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் புரண்டுவிட்டது.

"அப்பாடா! அப்ப வெள்ளிக்கிழமை புள்ளைய அனுப்பிடலாமுங்களா?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவருடைய மகள் மேகலாவின் புருஷன் அர்த்தநாரி. பூனா வரைக்கும் லோடு ஏற்றிப் போகிற லாரி டிரைவர். நல்ல பையன்தான், கை நீட்டமாட்டான், குடிக்கமாட்டான். ஆனால் மூன்று மாசத்துக்கு முன்னால் அவன் பையில் ஒரு மருந்துச் சீட்டு மேகலா கையில் அகப்பட்டது. வழியில் ஏதோ ஓர் ஊரில், பால்வினை நோய்க்கு ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. என்னவென்று கேட்டாள். அவன் இல்லையென்று சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். மேகலா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "எச்.ஐ.வி.க்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிச் சீட்டைக் காட்டுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"டெஸ்ட் பண்ணாருங்களா?" என்றார் டீச்சர்.

"அதுக்குப் பதிலாத்தானுங்க இந்த ஆபரேஷனைப் பண்ணிக்கிட்டாரு. ரெண்டு மாசமாச்சு, புண்ணெல்லாம் ஆறிடுச்சு. இனி டெஸ்ட்டே தேவையில்ல மாமாங்கறாரு. ஊருல கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லி மாளலீங்க டீச்சர். எம்பட ஊட்டுக்காரி தெனமும் ஒரு மூச்சு அழுவறா. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோய் உட்டுட்டு வந்துருவேன்."

டீச்சர் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

"உங்க மாப்பிள்ளை இன்னிக்கு இந்த வழியா இறங்கறாருன்னு காலையில சொன்னீங்களே?"

"ஆமாங்க. சாம்ராஜ்நகர்ல மக்காச்சோளம் ஏத்திக்கிட்டு வர்றாரு. நம்மளையும் ஏத்திக்கறேன்னு போன்ல சொன்னாரு."

"அப்ப அந்த வண்டியிலயே இறங்கலாம். பதிலைக் கீழ போய்ச் சொல்றேன்."

அரைமணி நேரத்தில் லாரி வந்து நின்றது. அர்த்தநாரி குதித்து இறங்கி டீச்சருக்கு வணக்கம் சொன்னான். மாமனாரின் முட்டி தெரிந்தவன், அவரைக் கைப்பிடித்துக் கேபினில் ஏற்றினான். பார்க்கிறவர்கள் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. காளியண்ணன் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். பாத்தீங்களா எம்பட மாப்பிள்ளைய என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

திம்பத்துக்கு இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். மேலிருந்து இறங்கும்போது இருபத்தேழு, இருபத்தாறு என்று குறைந்துகொண்டே வரும். முதல் நாலு வளைவை அர்த்தநாரி ரெண்டாவது கியரில் பதவிசாக இறக்கினான்.

"மாமா, நேத்து மைசூர்ல பிரேக் லைனிங் மாத்திட்டனுங்க. எல்லா வீலுக்கும் புதுசு. மிதிச்சா அப்படியே நிக்குது."

"நல்லதுங்க மாப்பிள்ளை."

இருபத்திரண்டாம் வளைவு தாண்டியதும் கேபினில் சத்தம் அடங்கிப்போனது. எஞ்சின் முனகலும் இல்லை, நடுக்கமும் இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. காளியண்ணனுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும் அது என்னவென்று. ஆனாலும் மாப்பிள்ளையை டீச்சர் முன்னால் கேட்பானேன் என்று வாயை மூடிக்கொண்டார்.

"என்னங்க தம்பி, சத்தமே காணோம்?" என்றார் டீச்சர்.

"நியூட்ரல்ல உட்டிருக்கனுங்க. டீசல் மிச்சம், எஞ்சினுக்கும் ஓய்வு."

"எப்பவும் இப்படித்தான் இறங்குவீங்களா?"

"ஐயோ இல்லீங்க! போன வாரம் வரைக்கும் ரெண்டாவது கியர்லதான் உருட்டிக்கிட்டு வருவேன். பழைய லைனிங்குங்க, உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு இறங்கணும். இப்பத்தான் புதுசு போட்டாச்சே!"

காளியண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; நியூட்ரலில் எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில்தான். கை தானாகக் கேபின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. இருபத்தொன்று. இருபது. பத்தொன்பது. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்தான், வண்டி அடங்கியது. விட்டான், மறுபடி ஓடியது. அடுத்தடுத்து மிதிக்க மிதிக்க, லேசாக லைனிங் கருகுகிற வாடை வந்தது. இருபத்தெட்டு வருஷ மூக்கு அதை உடனே கண்டுபிடித்துவிட்டது.

பதினெட்டாம் வளைவில் மைசூர் பஸ் ஏறி வந்தது.

லாரி வளைவின் நடுவில் இருந்தது. பஸ்ஸும் அதே இடத்துக்கு மூக்கை நீட்டியது. அர்த்தநாரி பிரேக்கின் மேல் எழுந்தே நின்றான். சக்கரம் ரோட்டில் உராய்ந்து கிறீச்சிட, மூட்டைகள் முன்னால் நகர்ந்து கேபினை இடிக்க, வண்டி இழுத்துக்கொண்டே போய் நின்றது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

பஸ்ஸின் முன் ஜன்னலில் ஒரு பெண் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கத்தக்கூட நேரம் கிடைத்திருக்கவில்லை. காளியண்ணனையே பார்த்தபடி இருந்தாள். அவர்தான் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"யோவ், மலையில நியூட்ரல்லயா வர்ற? உனக்கெல்லாம் லைசன்ஸ் எவன்யா குடுத்தான்?" என்று பஸ் டிரைவர் கத்தினார். பிறகு பஸ்ஸைப் பின்னால் எடுத்து, ஒதுங்கி, திட்டிக்கொண்டே ஏறிப் போனார்.

அர்த்தநாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "பாத்தீங்களா மாமா? எப்படிப் புடிச்சுது பாத்தீங்களா! பழைய லைனிங்கா இருந்தா இன்னிக்கு முடிஞ்சுது கதை."

"நெசந்தானுங்க தம்பி. புடிச்சுது" என்றார் டீச்சர். "கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. நான் இங்கயே இறங்கிக்கறேன்."

"ஏனுங்க டீச்சர்? பிரேக் மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"பிரேக் மேல இருக்குதுங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கேபின் கதவு திறந்தே இருந்தது.

காளியண்ணன் தவித்துப்போனார். மாப்பிள்ளை வண்டியில் இருந்து மாமனார் பாதி வழியில் இறங்குவதாவது! காலத்துக்கும் சொல்லிக்காட்ட மாட்டார்களா? இருக்கலாமென்றால் அந்தக் கருகல் வாடை இன்னும் கேபினில் இருந்தது. கீழே இன்னும் பதினேழு வளைவு இருந்தது. கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

"மாமா, நீங்களுமா?" என்றான் அர்த்தநாரி.

"மையத்துக் காயிதமெல்லாம் டீச்சர்கிட்ட இருக்குதுங்க மாப்பிள்ளை. அதுக்குக் கூட ஒரு ஆளு இருக்கோணும். நீங்க முன்னால போங்க, நாங்க பஸ்ஸுல வந்தர்றோம்."

அவன் எட்டிக் கேபின் கதவை இழுத்துச் சாத்தினான். பிறகு வண்டியை எடுத்தான். எஞ்சின் முனகலோடு லாரி அடுத்த வளைவில் இறங்கி மறைந்தது.

"கேட்டீங்களா டீச்சர்? ரெண்டாவது கியர் போட்டுட்டாரு!" காளியண்ணன் முகம் மலர்ந்தது.

"நாம பாக்கறப்ப" என்றார் டீச்சர்.

இருவரும் ஓரத்துத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார்கள். கீழே பண்ணாரிக் காடு வெயிலில் கிடந்தது.

"டீச்சர், இங்க சிறுத்தை நடமாட்டம் இருக்குதுங்க."

"இருக்கட்டுங்கண்ணா. அது நியூட்ரல்ல வராது."

காளியண்ணன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தப் பூக்கூடைக்காரி கண்ணுக்குள்ளேயே நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவருக்கு ஏற்கனவே தொத்தியிருந்துதுன்னு வச்சுக்குங்க. அந்த ஆபரேஷன் மேகலாவைக் காப்பாத்துமுங்களா?"

"இல்லீங்கண்ணா."

"கொஞ்சங்கூடவா?"

"அது அவருக்குப் போட்ட லைனிங்குங்க."

காளியண்ணன் தலையை ஆட்டினார். "டெஸ்ட் பண்ணித்தான் ஆவோணும்."

"இப்ப ஒண்ணு. மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு. அதுக்கப்புறமும் ஆணுறை. நீங்க தெனமும் மத்தவங்களுக்குச் சொல்றதுதானே?"

"மத்தவங்களுக்குச் சொல்றது சுளுவா இருக்குதுங்களே."

தூரத்தில் ஒரு பஸ் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. கியரில்தான் வந்தது. காளியண்ணன் எழுந்து கை காட்டத் தயாரானார். பிறகு திரும்பினார்.

"கீழ போய்ச் சொல்றேன்னீங்களே டீச்சர். வெள்ளிக்கிழமை புள்ளைய அனுப்பறதா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அனுப்பறதுக்கு அவங்க என்ன பார்சலுங்களா?"

காளியண்ணன் மூன்று மாசமாக ஊரைக் கேட்டார், மனைவியைக் கேட்டார், மாப்பிள்ளையைக் கேட்டார், இன்று டீச்சரையும் கேட்டாயிற்று. மகளைத் தவிர எல்லாரையும் கேட்டுவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"சரீங்க. நான் அவகிட்ட என்னன்னுதான் சொல்லட்டும்?"

பஸ் வந்து நின்றது. டீச்சர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வளைவுப் பலகையில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினார்.

"இன்னிக்கு எந்த வளைவுல இறங்கினீங்கன்னு சொல்லுங்க. ஏன்னு அவங்களே கேப்பாங்க. கேட்டா, காயிதத்துக்காக இறங்கினேன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணா."