பதினோரு பேரும் உப்பும்

"சுவாமிகள் திருவுளம் இரங்க வேண்டும். அடியேனோடு தீட்சை பெற்றவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் ஓடிப்போனார்கள். அடியேன் ஒருவனே நிலைத்து நிற்கிறேன். தங்களுக்குப் பின் பீடம் யாருக்கு?"

கேட்டவர் ஏகாம்பரம். வயது அறுபத்திரண்டு. அவர் காவி வேட்டிகூட இஸ்திரி போட்டது.

கேட்கப்பட்டவர் குன்றடி மடத்துச் சாமி. உடனே பதில் சொல்ல வழியில்லை. வாயில் தெர்மாமீட்டர்.

டயாலிசிஸ் பார்க்கும் பெண் பெனிட்டா அதை உருவிப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல. நல்ல தாத்தா."

ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தாத்தாவா? அம்மணி, இவர் யாரென்று தெரியுமா?"

"மூணாம் நம்பர் பெட்."

சாமி சிரித்தார். கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினைச் சுற்றிவிட்டு, இன்னொன்றின் வழியாகத் திரும்பியது. சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடம். இப்போது இதயமும் தாங்காது, சில வாரம்தான் என்று முந்தாநாள் டாக்டர் சொல்லிவிட்டார்.

மடத்து நிர்வாகிகள் வராந்தாவில் பத்திரத்தோடு நின்றார்கள். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. ஏகாம்பரத்தின் கண் கதவையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தது.

சாமி மெஷினில் சொருகியிருந்த, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உருளையைக் காட்டினார்.

"தாயி, இதுக்குள்ள என்ன நடக்குன்னு இவருக்குச் சொல்லு."

"இதுதான் பில்டர், அண்ணாச்சி. உள்ள தலைமுடி மாதிரி ஆயிரக்கணக்குல குழல். குழலுக்குள்ள ரத்தம் ஓடும். வெளிய மருந்துத் தண்ணி ஓடும். நடுவுல சவ்வு. அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை."

"சரி."

"ரத்தத்துல கழிவு நிறைய இருக்கு. தண்ணியில இல்ல. அதனால இங்கேருந்து அங்க போயிரும். யாரும் பிடிச்சுத் தள்ள வேண்டாம். நிறைய இருக்க இடத்துலேருந்து இல்லாத இடத்துக்கு அதுவே போகும்."

ஏகாம்பரம் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் ஜோதி.

"புரிந்தது சுவாமி! அந்தப் பதினோரு பேரும் கழிவு. தாமே வெளியேறினார்கள். என்னே தங்கள் கருணை!"

சாமி அவரைப் பார்க்கவே இல்லை.

"தாயி, ரத்தத்துல உப்பு இருக்குல்ல. அது அந்த ஓட்டையில நுழையாதோ?"

"நல்லா நுழையும்."

"பின்ன ஏன் எல்லாம் போயிரல?"

"வைராக்கியம்!" என்றார் ஏகாம்பரம்.

பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வைராக்கியமும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ரத்தத்துல எவ்வளவு உப்பு இருக்கணுமோ, அதே அளவு வெளித் தண்ணியிலயும் கலந்து விட்டிருக்கோம். இங்கேருந்து கொஞ்சம் போனா, அங்கேருந்து கொஞ்சம் வந்துரும். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கு. அப்புறம் எப்படிக் குறையும்?"

சாமி இப்போது திரும்பினார்.

"ஏகாம்பரம், மடத்துக்கு வர்றதுக்கு முந்தி உனக்கு என்ன வேலை?"

"விடுதிக் காப்பாளர், சுவாமி. முந்நூறு மாணவர்கள்." குரல் தானாக நிமிர்ந்தது. "விடிகாலை ஐந்துக்கு மணி அடிப்பேன். பெயர் கூப்பிடுவேன். இரவு எட்டுக்கு கேட்டைப் பூட்டுவேன். பிந்தி வந்தவனுக்குச் சோறு கிடையாது. அடியேன் செருப்புச் சத்தம் கேட்டால் மாடியே மூச்சுவிடாது!"

"மடத்துல?"

"மடத்தில், சுவாமி, நாலரைக்கே மணி. பெயர் கூப்பிடுவேன். இரவு எட்டுக்கு..."

பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

மெஷின் கீங் கீங் என்று கத்தியது. பெனிட்டா ஒரு பொத்தானைத் தட்டினாள். அடங்கியது.

"பிந்தி வந்தவனுக்கு?" என்றார் சாமி.

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார்.

"முதல்ல போனவன் யாரு?"

"செம்பையா."

"எதுக்கு வெளிய போயிருந்தான்?"

"அவங்க அம்மாவுக்குக் காரியம் முடிச்சிட்டு வந்தான். எட்டே காலுக்கு வந்தான்."

"கேட்டைத் தட்டினானா?"

"தட்டினான்."

சாமி வராந்தாப் பக்கம் பார்த்தார். பிறகு, "பத்திரத்தைக் கொண்டாரச் சொல்லு" என்றார்.

கொண்டுவந்தார்கள். ஊசி இல்லாத கையால், காலி இடத்தில் ஏகாம்பரம் என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

"வேற யாரு இருக்கா?"

நிர்வாகிகள் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். பத்திரம் ஏகாம்பரத்தின் கையில் இருந்தது. அதை அவர் மடிக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை.

"இருவத்திரண்டு வருஷம்." அவர் பேச்சிலிருந்து சுவாமிகளும் அடியேனும் எங்கேயோ போய்விட்டிருந்தார்கள். "இருவத்திரண்டு வருஷம் பார்த்துக்கிட்டேதானே இருந்தீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நிறுத்துடான்னு சொல்லியிருக்கக்கூடாதா?"

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்குச் சோறு நேரத்துக்கு வந்துச்சு, ஏகாம்பரம்."