தவசியப்பன் பிரித்த தையல்

"இந்தக் கொடியும் கோணிப்போச்சு வாத்தியாரம்மா. பிரிச்சிரட்டுமா?"

கேட்டவர் தவசியப்பன். குன்னூர் மலைப்பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டி, ரிட்டயர் ஆனவர்.

வாத்தியாரம்மா வேறு யாருமில்லை, அவருடைய மருமகள் சுகிர்தா. முப்பது வயதுகூட ஆகாதவள்.

அவள் மெஷினைப் பார்த்தாள்.

அவள் கல்யாணமாகி வரும்போது கூடவே வந்த எம்பிராய்டரி மெஷின் அது. முன்னறை ஜன்னலோரம் இருந்தது. தவசியப்பனின் மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் மாமனாரும் மருமகளும்தான்.

இருவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. சாப்பாடு ஆயிற்றா, கதவைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மிணி, உள்ள பஞ்சு வச்சுப் போர்வை தைக்கிறாங்களே, அது எனக்கு வருமா?"

"யாருக்குங்க மாமா?"

"யாருக்குமில்ல. சும்மா, கத்துக்கலாம்னு."

"என்ன அளவு?"

கைகளைக் கொஞ்சமாக விரித்துக் காட்டினார். பெரிய ஆள் யாருக்கும் முழங்கால்கூட மூடாது.

சுகிர்தா மேற்கொண்டு கேட்கவில்லை.

அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

முந்தைய வருஷம் ஒரு பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அதற்குள் இந்த வீட்டில் தொட்டில் வந்திருந்தது, கிலுகிலுப்பை வந்திருந்தது, குட்டிக் குல்லா வந்திருந்தது. எல்லாம் தவசியப்பன் வாங்கியவை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் அவரே தூக்கிக்கொண்டு போய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார்.

இந்தத் தடவை அவள் வயிற்றைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

முதல் பாடம் சுலபமானதுதான். கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேலே பூப்போட்ட துணி. மூன்றையும் சேர்த்து ஃபிரேமில் மாட்ட வேண்டும். பட்டனை அமுக்கினால் ஃபிரேம் தானே நகர்ந்து இலைக்கொடி ஒன்றைத் தைக்கும். மூன்று துணியும் ஒன்றாகிவிடும். பிறகு கழற்றி, அடுத்த இடத்தை மாட்ட வேண்டும்.

தவசியப்பன் ஃபிரேமை விடவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்து, வளைவு வரும்போதெல்லாம் தானும் வளைத்தார். கொடி நெளிந்து, துணி சுருங்கிப் போயிற்று.

"மாமா, இது ஸ்டியரிங் இல்லீங்க."

"கையை விட்டா எங்கயாச்சும் போயிருமே அம்மிணி."

சுகிர்தா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். தளும்பத் தளும்ப இருந்தது.

"ரெண்டு கையாலயும் பிடிங்க."

அவர் பிடித்தார். அவள் பட்டனை அமுக்கினாள்.

ஃபிரேம் அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் வந்தது. தவசியப்பன் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் நின்றபோது டீயில் ஆடை படிந்திருந்தது. கொடி ஒழுங்காக விழுந்திருந்தது.

"போயிட்டு வந்திருச்சு!" என்றார்.

அன்றிலிருந்து அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். முதல் தடவை கூப்பிட்டபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்கும்தான்.

கை நன்றாகப் படிந்துவிட்டது. ஒரு கொடியின் நுனியில் அடுத்த கொடியைக் கொண்டுவந்து பொருத்துவதுதான் இதில் கஷ்டம். அதையும் கற்றுக்கொண்டார்.

ஆனால் போர்வை முடியவில்லை.

கடைசி மூலைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தார். தையல் பிரிக்கிற ஊசியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆரம்பத்தில் குறை இருக்கத்தான் செய்தது. போகப்போக அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

"எங்கங்க மாமா கோணல்?"

"இங்க பாரு."

"எனக்குத் தெரியலையே."

"உனக்குத் தெரியாது."

மகன் வந்தபோது கேட்டான். "என்னப்பா, இன்னும் அதே போர்வையா?"

"வேலைன்னா சுத்தமா இருக்கணும்டா."

ஏழாம் மாதம் பிறந்தது. அவர் இன்னும் அதிகமாகப் பிரித்தார். அந்த மாதம் நல்லபடியாகக் கழிந்தது. அப்போதும் பிரித்தார். தைத்துத் தைத்துப் பிரித்ததில் மூலைத் துணி ஊசித்துளை விழுந்து நைந்துபோயிற்று.

அப்படி ஒரு மத்தியானம்தான், வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, அவர் மறுபடி கேட்டது. இந்தக் கொடியும் கோணிப்போச்சு, பிரிச்சிரட்டுமா என்று.

மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த சுகிர்தா திரும்பினாள்.

"முடிச்சா என்னங்க மாமா ஆகும்?"

அவர் நைந்த மூலையை விரலால் நீவினார்.

"சொல்லுங்க."

"போன தடவ எல்லாத்தையும் முடிச்சு வச்சிருந்தேனே, அம்மிணி."



சுகிர்தா எழுந்து ஃபிரேமைக் கழற்றினாள். போர்வையை உதறினாள். நூல் தொங்கத் தொங்க அதை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் படுத்தாள். தன் வயிற்றின் மேல் விரித்துப் போட்டுக்கொண்டாள். கடைசிக் கொடி இன்னும் விழாத மூலை மட்டும் பஞ்சு தெரிய வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாமா."

"சொல்லு அம்மிணி."

"எங்க ரெண்டு பேருக்கும் குளிருது. இந்த மூலையில காத்து வருது."

தவசியப்பன் கையில் பிரிக்கிற ஊசியோடு நின்றார். மழைச் சத்தம் கேட்டது.

பிறகு ஊசியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்து, போர்வையை அவள்மேலிருந்து மெதுவாக எடுத்தார்.

"ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க," என்றார். "இதோ ஆச்சு."