செங்காது கடித்த மூங்கில் அரிசி

மொட்டைவால் எலியை எல்லோர் முன்னாலும் சோம்பேறி என்றது செங்காது எலிதான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆண்டு காட்டில் மூங்கில் பூத்து அரிசி கொட்டியது. எலிகள் அதை அள்ளி வளைக்குள் சேர்த்தன. ஈர மணி ஒன்று உள்ளே போனாலும் குவியல் முழுவதும் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் வாசலில் இருந்த மூஞ்சூறு ஒவ்வொரு மணியையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டது. அதன் மூக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

ஆனாலும் களஞ்சிய அறையின் வாயிலில் செங்காது உட்கார்ந்துகொண்டு, அதே மணிகளை மறுபடி கடித்துப் பார்த்தது. சுமை தூக்கிய எலிகள் நடுச் சுரங்கத்தில் மூச்சு முட்ட நின்றன.

“ஓய் செங்காது! வாசலில் பார்த்ததை இங்கே எதற்கு மறுபடி பார்க்கிறீர்?” என்றது மொட்டைவால்.

“வாசலைத் தவிர அந்தப் பக்கத்து ஓட்டையும் திறந்து கிடக்கிறதே! அது வழியாக ஈர மணி வந்தால் நீயா பொறுப்பு? சுமக்க வலிக்கிறதோ, சோம்பேறி! போய்ச் சேறு அள்ளு!”

குட்டி எலிகள்கூடச் சிரித்தன.

மொட்டைவால் பல்லைக் கடித்துக்கொண்டு சேறு அள்ளியது. ஆனால் ஓட்டை விஷயம் உண்மைதானே! அள்ளிய சேற்றையெல்லாம் அந்த ஓட்டையில் திணித்து, ஏறி மிதித்து அடைத்தது. வளை முழுக்கச் சுற்றிப் பார்த்தது. உள்ளே வர வேறு வழியே இல்லை.

அப்போது இடி இடித்தது! வாசலுக்கு வெளியே அரிசி மலையாகக் கிடந்தது. அது நனைந்தால் மழைக்காலம் முழுக்கக் குட்டிகள் பட்டினிதான்.

“எழுந்திரும் ஓய்!” என்று செங்காதிடம் ஓடியது மொட்டைவால்.

“ஓட்டை?”

“நீர் அள்ளச் சொன்ன சேற்றால் அடைத்தாயிற்று!”

“இருந்தாலும் ஒரே ஒரு கடி…”

“நீர் கடித்து முடிப்பதற்குள் எல்லாம் நனைந்துவிடும்! நகரும்!”

மொட்டைவால் தோளால் ஓர் இடி இடித்தது. செங்காது உருண்டு மூலையில் விழுந்தது. சுரங்கம் திறந்துகொண்டது! எலிகள் ஓடின. மூஞ்சூறு மட்டும் அசையவில்லை. “இது ஈரம், தூக்கிப்போடு! அடுத்தது!” என்று முகர்ந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுமை உள்ளே வந்ததும்தான் முதல் துளி விழுந்தது. மொட்டைவாலைத் தூக்கிவைத்துக்கொண்டு வளையே ஆடியது!

மழைக்காலம் முழுக்க எல்லோரும் வயிறாரத் தின்றார்கள். ஒரு மணியிலும் பூஞ்சணம் இல்லை. செங்காதும் நன்றாகவே தின்றது. “நல்ல யோசனை, நம்முடைய யோசனை!” என்று ஏப்பமும் விட்டது. சோம்பேறி என்ற சொல்லை மட்டும் அது இன்னும் திரும்பப் பெறவில்லை. மொட்டைவால் இன்னும் காத்திருக்கிறது.

எல்லாம் ஒரே வாசல் வழியாக வந்து, அங்கே ஒழுங்காகப் பார்த்தும் ஆகிவிட்டால், அதையே உள்ளே மறுபடி பார்ப்பது வேலையைக் கெடுப்பதுதான்.