தனுஷ்கோடி சாரின் தானாகத் திறக்கும் கதவு

மூன்றாவது மாடியில் பதினொரு மணிக்கு எனக்கு வேலைக்கான இன்டர்வியூ. மணி பத்தே முக்கால். சக்கர நாற்காலியில் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக் கதவு அசையவே இல்லை.

அசைந்ததெல்லாம் கட்டட மேனேஜர் தனுஷ்கோடியின் வாய்தான். பின்பக்கப் படி வழியாக இறங்கி வந்து கதவின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தார்.

"சாதாரணக் கதவுன்னு நினைச்சிடாதீங்க மேடம். நீங்க வீட்ல கிளம்பும்போதே இதுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சுமா திறக்கலை?"

மனுஷர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "போன ஆடியில அடிச்ச காத்து ஞாபகம் இருக்கா? கதவு ஒரு தடவை திறந்து மூடிச்சு பாருங்க, தெருக் காத்து மொத்தமும் உள்ள மாட்டிக்கிச்சு. மூணு மாசம் நாங்க ஃபேனே போடலை."

"அதுல பாதி இப்ப உங்க வாய் வழியா வருது போல" என்றார், கூரியர் பார்சலோடு நின்ற ஜபருல்லா.

"சிரிக்காதீங்க பாய். அன்னிக்கு கரண்டும் போச்சு. கதவு நின்னுச்சா? இது திறந்து மூடுன வேகத்துல கரண்ட் உண்டாகி, தெரு முழுக்க லைட் எரிஞ்சுது. லைன்மேன் வந்து விழுந்து கும்பிட்டார். இன்னொண்ணு கேளுங்க. ஒரு பெரியவர் ஊன்றுகோலோட வந்தார். கதவு திறந்த மரியாதையைப் பார்த்துட்டு, கோலைத் தூக்கி எறிஞ்சுட்டு மூணு மாடியும் ஓடியே ஏறினார்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடமே இந்தக் கதையா!

"நான் ஓட வேண்டாம் சார். உள்ள போனாப் போதும். எனக்கு ஏன் திறக்கலை?"

"உங்களைப் பார்த்து வெக்கப்படுது மேடம்."

ஜபருல்லா அண்ணாந்து பார்த்தார். கதவுக்கு மேலே, ஆள் வருவதைக் கண்டுகொள்ளும் சென்சாரில் கெட்டியாகச் சந்தனம். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. நேற்று ஆயுத பூஜை.

"இதை யார் சார் அப்பினது? அப்புறம் அதுக்கு எப்படி ஆள் தெரியும்?" என்று கேட்டார்.

"நான்தான். என் கையாலேயே வச்சேன்" என்றார் பெருமையாக.

ஜபருல்லா வாசலில் கிடந்த செக்யூரிட்டி ஸ்டூலில் ஏறித் தன் துண்டால் துடைத்தார். கதவு சர்ரென்று விலகியது.

"பாத்தீங்களா! இவ்வளவு நேரம் நான் சொன்ன புகழ்ச்சியில மனசு இளகிடுச்சு!"

மணி பத்து ஐம்பத்தைந்து. லிஃப்டுக்குள் போய் மூன்றை அழுத்தினேன். லிஃப்ட் கதவு பாதி மூடி, மறுபடி திறந்துகொண்டது. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் அதே கதை.

தனுஷ்கோடி ஓடி வந்தார், பின்னாலேயே பார்சலோடு ஜபருல்லாவும். "அந்தக் கதவுக்கு அண்ணன் மேடம் இது! நேத்திலேருந்து மூடவே இல்லை. ஏறினவங்களைப் பிரிய மனசே வராது."

லிஃப்ட் கதவின் ஓரத்தைப் பார்த்தேன். குறுக்கே ஏதாவது இருந்தால் மூடவிடாத சென்சாரில், மேலிருந்து கீழ்வரை சந்தனப் பட்டை.

"அண்ணே, அந்தத் துண்டை இவர்கிட்டயே கொடுங்க" என்று ஜபருல்லாவிடம் சொல்லிவிட்டு, தனுஷ்கோடியைப் பார்த்தேன். "சார், எனக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. பேசாம துடைங்க."