பின்னால் நடந்த கால்

"இனிமேல் யார் காலிலும் நரம்பு வைத்துத் தைக்கப்போவதில்லை, மேடம்."

இதைச் சொன்னபோது டாக்டர் இளம்பரிதிக்கு ஐம்பத்திரண்டு வயது. கேட்டுக்கொண்டிருந்தவர் டாக்டர் ஹமீதா. இளம்பரிதிக்கு அந்த அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தவர்.

"என்ன ஆச்சு?"

"சவரிமுத்து என்று ஒருவர். உப்பளத் தொழிலாளி. ஏழு வருஷத்துக்கு முன்னால் வலது காலில் ரத்தக்குழாய் அடைத்து, விரல் கறுத்து வந்தார். அவர் தொடையிலிருந்தே ஒரு ரத்த நரம்பை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி போட்டேன். மூன்றாம் வருஷம் அது சுருங்கியது. பலூன் விட்டு விரித்தேன். போன மாதம் முழுசாக அடைத்துவிட்டது. திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டேன்."

"அவரிடம் பேசினாயா?"

"முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டு மாற்ற வேறு டாக்டரை அனுப்புகிறேன். கடைசியில் எடுக்கத்தான் போகிறோம் என்றால், அன்றைக்கே எடுத்திருக்கலாமே?"

ஹமீதா எழுந்து வார்டுக்கு நடந்தார். இளம்பரிதி பின்னால் போனார்.

சவரிமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஐயா, அந்தக் காலை வச்சுக்கிட்டு ஏழு வருஷம் என்ன செஞ்சீங்க?" ஹமீதா கேட்டார்.

அவர் மெல்லத் திரும்பினார்.

"எம் பொண்டாட்டி பின்னால நடந்தேன்."

ஹமீதா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சூசையம்மாளுக்கு நெனப்புத் தப்பிப்போச்சு. கதவு தொறந்திருந்தா கெளம்பிருவா. உப்பளம், தண்டவாளம், கடக்கரைனு போய்க்கிட்டே இருப்பா. தடுத்தா அழுவா. அதனால பின்னாலயே போவேன். அவ கால் ஓஞ்சதும் கையப் புடிச்சுக் கூட்டியாருவேன். ஒருநாளும் தொலைய விட்டதில்ல."

"இப்போ எங்கே இருக்காங்க?" இளம்பரிதி கேட்டார்.

"கொழுந்தியா வீட்ல. உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க. நாளெல்லாம் கதவத் தட்டுதாளாம்."



சவரிமுத்து போர்வையை விலக்கி இடது காலைக் காட்டினார்.

"இதுலயும் வலி வந்திருச்சு, டாக்டர். பாதம் ஜில்லுனு கெடக்கு. இதுலயும் ஒரு நரம்பு வச்சுத் தருவீங்களா? அந்தப் பக்கம் கட்டக்கால் மாட்டிக்கிட்டு அவ பின்னால போயிருவேன்."

"அதுவும் அடைச்சுப் போயிரலாம், ஐயா."

"எத்தன வருஷத்துல?"

இளம்பரிதி கட்டிலோரம் உட்கார்ந்தார். அந்தப் பாதத்தைக் கையில் எடுத்து, நாடி தேடத் தொடங்கினார்.