சீட்டு யாருக்கு

அந்தக் காலத்தில் அலுவலகம் கோவை கணபதியில், பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றித் தரும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஆறு பேர், ஆறு மேசை, ஜன்னல் வழியாக ஏறிவரும் வார்னிஷ் வாடை. செயலியைப் போட்டுப் பார்க்க எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு பழைய போன். அது யார் மேசையில் இருக்கிறது என்று தேடுவதே பாதி வேலை. இப்போது சதானந்தம் இருக்கும் கம்பெனியில் ஆளுக்கு மூன்று போன். இருந்தும் அந்த மாடிப்படியை நினைத்தால் அவருக்கு மனசு இளகிவிடும்.

அங்கே சேரும்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. ஈரோடு, கோபி பக்கம் பத்தொன்பது வருடம் மருந்துக் கம்பெனி பிரதிநிதியாக அலைந்து, பைக் விபத்தில் முட்டி போனபின் வீட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றவர். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஜெபமலருக்கு முப்பத்தொன்று. முதல் வாரம் விளையாட்டாக ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். இரண்டாம் மாதம் அதில் விளையாட்டு இல்லை.

அப்போது ஓர் அறக்கட்டளையின் டயாலிசிஸ் மையத்துக்காகச் செயலி எழுதிக்கொண்டிருந்தார்கள். நோயாளி நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தால், அடுத்த ஸ்க்ரீனில் பெயரும் நாளும் போட்ட சீட்டு வரும். ஒரு ஸ்க்ரீனிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சரியாக நடக்கிறதா என்று யூனிட் டெஸ்ட் எழுதும் வேலை சதானந்தத்துடையது.

அந்த மாதிரி டெஸ்டில் நிஜ ஸ்க்ரீன் எதுவும் திறக்காது. ஸ்க்ரீன் மாற்றிக் கொடுக்கும் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு போலியை உட்காரவைப்பார்கள். பட்டனை அமுக்கினால் போலி எங்கேயும் போகாது. தன்னிடம் சொன்னதை அப்படியே குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு அந்தக் குறிப்பை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சதானந்தம் நாற்பத்தாறு டெஸ்ட் எழுதினார். தேறிய டெஸ்டுக்குத் திரையில் பச்சை விழும். நாற்பத்தாறும் பச்சை. ஜெபமலர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, போலியிடம் வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று மட்டும் விசாரித்தார். இல்லை டீச்சர் என்றார் இவர். அன்று ஆறு பேரும் கீழே போய்த் தேங்காய் பன் சாப்பிட்டார்கள்.

செயலி வெளியான பத்தாம் நாள் மையத்திலிருந்து போன் வந்தது.

கரும்புக்கடைப் பகுதியில் மொய்தீன் என்ற பெரியவர். அவருக்கும் டயாலிசிஸ், அவருடைய அண்ணனுக்கும் டயாலிசிஸ். இரண்டு பேருக்கும் மொய்தீனின் மகள் ராபியாதான் தன் போனிலிருந்து பதிவு செய்வாள். அத்தாவுக்கு, அதாவது மொய்தீனுக்கு, செவ்வாய்க்கிழமை பதிந்தாள். ஆனால் திறந்த சீட்டு பெரியத்தாவுடையது. அதில் வியாழன் என்று இருந்தது. அவள் பெயரைப் பார்க்கவில்லை, நாளைப் பார்த்தாள். செவ்வாய் மொய்தீன் போகவில்லை, அவருக்கு வைத்திருந்த நாற்காலி வேறொருவருக்குப் போனது. புதன் சாயங்காலம் மூச்சுத் திணறி, மொய்தீனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிழைத்துக்கொண்டார்.

போனை எடுத்தது ஜெபமலர். டெஸ்டுகளைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது தான்தான், தவறு தன்னுடையது என்று சொன்னார். சதானந்தத்தின் பெயர் அந்தப் பேச்சில் வரவே இல்லை.

பிழையைத் திருத்த சதானந்தத்துக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. தேர்ந்தெடுத்த நோயாளியை அனுப்பாமல், போனில் முதலில் பதிந்திருந்த நோயாளியைச் சீட்டு ஸ்க்ரீனுக்கு அனுப்பியிருந்தது பதிவுப் பட்டன். திருத்திவிட்டு டெஸ்டுகளை ஓட்டினார். நாற்பத்தாறும் பச்சை. பிழை இருந்தபோதும் இதே பச்சைதான். 

“எல்லாம் சரின்னு சொல்லிட்டே இருந்துச்சே டீச்சர். எப்படி?”

 ஜெபமலர் அவரை மறுநாள் காலை ஏழு மணிக்கு மையத்துக்கு வரச் சொன்னார்.

மையத்தில் ஓர் ஓரமாக உட்காரவைத்தார். எதுவும் செய்ய வேண்டாம், பார்த்துக்கொண்டிருங்கள் என்றார்.

வாசலில் ஒரு நர்ஸ் நின்றிருந்தார். வருகிற ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும். ஒருவரிடம் பேத்தியின் காதுகுத்து எப்படி நடந்தது என்று கேட்டார், இன்னொருவரிடம் வெல்லம் சாப்பிட்டதற்குக் கோபித்துக்கொண்டார். அப்புறம் அதே மூச்சில், “பேரு சொல்லுங்க” என்றார். அவர்களும் சொன்னார்கள். எடை பார்க்கும் இடத்தில் மறுபடி கேட்டார்கள். நாற்காலியில் சாய்ந்தபின், ஊசி போடுவதற்கு முன், இன்னொரு முறை.

ஒன்பது மணிக்கு மொய்தீன் வந்தார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடந்தார். சதானந்தம் எழுந்து போய், அந்தச் செயலியைச் சோதித்துப் பார்த்தவன் நான்தான் என்றார். 



“பேரப் பாக்காம விட்டது நானுங்க,” என்றாள் ராபியா. “அந்த மூணு நாளும் அதையேதான் நெனச்சுட்டுக் கெடந்தேன்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். உங்கள் மேல் தப்பில்லை அம்மா, தப்பு முழுக்க என்னுடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மொய்தீன் அவர் கையைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். வாசலில் நர்ஸ் பெயரைக் கேட்டார். “மொய்தீன்,” என்ற மெலிந்த குரல் வெளியே கேட்டது.

திரும்பும்போது டவுன்பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜெபமலர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.  காந்திபுரம் தாண்டியதும் சதானந்தம் ஒரு முடிவுக்கு வந்தவராகச் சொன்னார்.

“அந்தப் போலியைத் தூக்கிப் போட்டுடறேன் டீச்சர். எல்லாத்தையும் நிஜப் போன்லயே ஓட்டிப் பாத்துடலாம்.”

“எதுக்கு?”

“அது பொய் சொல்லிடுச்சு.”

ஜெபமலர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தார். பிழை இருந்த பழைய நிரலைத் தேடி எடுத்து, அந்தப் பதிவுப் பட்டனின் டெஸ்டை ஓட்டினார். பச்சை வந்தது. போலி குறித்துவைத்திருந்ததை முழுசாகத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

இரண்டே வரி. போக வேண்டிய இடம்: சீட்டு ஸ்க்ரீன். அதன் கீழே, நோயாளியின் எண். அது தவறான எண்.

சதானந்தம் அந்த இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க போகணும்னு கேட்டீங்க, சொல்லுச்சு,” என்றார் ஜெபமலர். “யாரு போறாங்கன்னும் எழுதி வெச்சுட்டுக் காத்துட்டுதான் இருந்துச்சு சார். நீங்க கேக்கலை.”