எண்ணூறு குண்டுகள்

திருச்சி டவுன் பஸ் டிரைவர் சவரிராஜனுக்கு வயது நாற்பத்தேழு. அவருடைய குரு ரிஸ்வானாவுக்கு இருபத்தாறு. குருவுக்கு பஸ் ஓட்டத் தெரியாது. சீடருக்கு விமானம் ஓட்ட வரவில்லை. வம்பே அதுதான்.

விமானம் என்றால் கம்ப்யூட்டருக்குள் பறக்கிற விமானம். அதற்காக லேசு என்று நினைத்துவிடாதீர்கள். உலகப்போர் காலத்து ஒற்றை விசிறிச் சண்டை விமானங்கள், நிஜத்தில் எப்படி முரண்டு பிடித்தனவோ அப்படியே இங்கேயும் முரண்டு பிடிக்கும்.

தில்லைநகர் மாடி அறையில் ரிஸ்வானா, போட்டிகளில் பறக்க ஒரு குழு வைத்திருந்தாள். அதில் ஒரே ஒரு இடம் காலி. சேர ஆசைப்படுகிறவர் குருவோடு ஒண்டிக்கு ஒண்டி பறக்க வேண்டும். பன்னிரண்டு வாய்ப்பு. அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது.

இருபத்திரண்டு வருஷமாக சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் மனுஷன். அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும் என்று தவமாய்த் தவம் கிடந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், பதினோராவது தடவை. குருவின் விமானம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சவரிராஜன் தப்பித்தால் போதும் என்று விமானம் ஓட்டுகிற கைப்பிடியை வயிறு வரைக்கும் இழுத்துத் திருப்பினார். விமானம் ஒரு பக்கம் சரிந்தது, பம்பரமாய்ச் சுற்றியது, நேரே வயலில் போய்ச் செருகியது.

"சே! மறுபடியுமா!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். "குருவே, உங்க குண்டுக்குத் தப்புறது எப்படி? அதை மட்டும் சொல்லிக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

ரிஸ்வானா தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"மூலையில என்ன நம்பர் அண்ணே?"

"எண்ணூறு."

"கிளம்பும்போது எத்தனை குண்டு குடுப்பாங்க?"

"எண்ணூறு."

அவருக்கு முகம் கறுத்தது. ரிஸ்வானா பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். பத்தாவது தடவை, எண்ணூறு. ஒன்பதாவது, எண்ணூறு. முதல் நாள் வரைக்கும் அதே எண்ணூறு.

"அப்ப என்னைச் சுட்டது யாரு?"

"யாரும் சுடல. நீங்களாத்தான் விழுந்தீங்க" என்றாள் குரு. எட்டி அவருடைய கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்ப இழுத்தா இது நடுங்கணுமே. ஏன் சும்மா கிடக்கு?"

"அதுவா? நான்தான் நிறுத்தி வச்சேன். விடிஞ்சதுலேர்ந்து பஸ்ஸுல குலுங்குறேன். இங்கயும் வந்து குலுங்கணுமா?"

"பதினோரு தடவையுமா?"

"முதல் நாள்லேர்ந்தே."

ரிஸ்வானா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுக்கத்தைப் போட்டுவிட்டாள்.

"பாலத்து மேட்டுல பஸ் திணறுதுன்னு உங்களுக்கு யார் வந்து சொல்றா?"

"யார் வந்து சொல்லணும்? கியர் கம்பியே சொல்லும். கையில உதறுமே!"

சொன்னவர் சட்டென்று குனிந்து கைப்பிடியைப் பார்த்தார்.

"ஏறுங்க அண்ணே. பன்னிரண்டு."

இதுதான் கடைசி. குரு பின்னால் வந்தாள். அவர் இழுத்தார். கைப்பிடி உள்ளங்கையில் படபடத்தது. அடேயப்பா! ஒரு நூல் விட்டுக்கொடுத்தார். படபடப்பு அடங்கியது, விமானமும் சரியாமல் வட்டம் போட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி உதறல், மறுபடி ஒரு நூல்.

"ஐயோ, பறக்குது குருவே! பறக்குது!"

"பேசாம ஓட்டுங்க!" குருவின் குரலிலும் மூச்சு வாங்கியது.

ஒரு வட்டம், இரண்டு, ஐந்து. குருவின் விமானத்து மூக்கு அவர் வாலைத் தொட வரும்போதெல்லாம் இவர் நழுவினார். சவரிராஜன் சின்னப்பிள்ளையாட்டம் கத்தினார். சட்டையெல்லாம் வேர்வை. விழவே இல்லை!

அப்போது தடதடதடவென்று ஒரு சத்தம். இடது இறக்கை பிய்ந்து பறந்தது. வானம் தலைகீழாகி, திரை கறுத்தது.

போச்சு. பன்னிரண்டும் போச்சு. அவர் கைப்பிடியை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எழுந்து போகலாம் என்று திரும்பியவர், குருவின் திரை மூலையைப் பார்த்தார். இருநூற்றுப் பதினாலு.

"குருவே... சுட்டுட்டீங்க!"

"ஆமா."

"அப்ப நான் தோத்துட்டேன்தானே?"

ரிஸ்வானா வேர்த்த உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான் அண்ணே என்னைச் சுட வச்சீங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் போட்டி. என் வலப்பக்கத்து இடம் உங்களுக்கு."